பட்டன் கத்தி: கேட்டீர்கள், சொல்கிறேன்

பட்டனை அழுத்தியதும் தானே திறந்துகொள்ளும் கத்திகள்தான் இன்றைய பேச்சு. ஆங்கிலத்தில் ஸ்விட்ச்பிளேடு அல்லது ஆட்டோமேட்டிக் என்பார்கள். நான் டெக்சஸ்வாசி. இங்கே 2013 செப்டம்பரில் தடை நீங்கியது. அந்தத் தீபாவளிக்கு எனக்கு நானே ஒன்று வாங்கிக்கொண்டேன். இன்று இழுப்பறையில் நாற்பத்து மூன்று கிடக்கின்றன. நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க நானே படித்தது. கிளம்பும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கே (ஆஸ்டின்): என் கத்தியைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் மீதியை ஸ்பிரிங் திறந்துவிடுகிறது. கடைக்காரர் இது ஸ்விட்ச்பிளேடு இல்லை என்கிறார். கதை விடுகிறாரா?

கதை இல்லை, உண்மைதான். மெதுவாக ஒரு நூலளவு திறந்து விட்டுப் பாருங்கள். பிளேடு திரும்பப் பிடிக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு கட்டம் வரைக்கும் அதன் ஸ்பிரிங் மூடத்தான் இழுக்கிறது. அதைத் தாண்டிய பிறகே திறக்கத் தள்ளுகிறது. ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங் எந்நேரமும் திறக்கவே துடித்துக்கொண்டிருக்கும், பட்டனின் மூக்கு ஒன்றுதான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும். 2009இல் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டையும் ஒரே தராசில் வைக்கப் பார்த்தது. அதே ஆண்டு காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, மூடியே இருக்கப் பார்க்கும் கத்தி ஸ்விட்ச்பிளேடு ஆகாது என்று எழுதிவைத்தது. உங்கள் கடைக்காரர் அதைத்தான் சொல்கிறார்.

கே (அட்லாண்டா): பழைய தமிழ்ப் படங்களில் வில்லன் 'கிளிக்' என்று திறப்பானே, அதுதானே இது? அமெரிக்காவில் ஏன் சார் இதற்குத் தடை வந்தது?

அதேதான். இத்தாலியின் வடகிழக்கில், மலையடிவாரத்தில், மனியாகோ என்று ஓர் ஊர். பல நூற்றாண்டாகக் கத்திதான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் ஒல்லியான இத்தாலிய ஸ்டிலெட்டோக்களை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே வியாபாரிகள் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். விலை மலிவு, பார்க்க மிரட்டல், பையன்களுக்குப் பிடித்துவிட்டது. 1950இல் ஒரு பெண்கள் பத்திரிகை 'கொல்லும் பொம்மை' என்ற தலைப்பில் கட்டுரை போட்டது. அப்புறம் நாளிதழ்கள், இளைஞர் கும்பல் செய்திகள், மேடைப் பேச்சுகள் எல்லாம் சேர்ந்து 1958இல் மத்தியச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் பலரும் நினைப்பதுபோல வைத்திருப்பதையே நாடு முழுக்கத் தடுக்கவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் வணிகமாக அனுப்புவது, இறக்குமதி செய்வது, மத்திய அரசின் தனி நிலப்பகுதிகளிலும் பழங்குடி நிலங்களிலும் வைத்திருப்பது ஆகியவற்றைத்தான் தடுத்தது. மற்றதை மாநிலங்கள் தங்கள் பங்குக்குச் செய்தன.

வேடிக்கை என்னவென்றால், பட்டன் கத்தி அமெரிக்காவிலேயே 1890களிலிருந்து இருக்கிறது. ஜார்ஜ் ஷ்ரேட் என்பவர் காப்புரிமை வாங்கி நியூயார்க் மாநிலத்தில் செய்தார். போரின்போது பாராசூட் வீரர்களுக்குத் தரப்பட்ட எம்2 கத்தியும் இந்த வம்சம்தான்: ஒரு கை சிக்கிக்கொண்டால் மறு கையால் கயிற்றை அறுக்க. ஒரு நொடியில் திறப்பதுதான் ஆபத்து என்றால், நம் வீட்டு அரிவாள்மனைக்குப் பட்டனே தேவையில்லை, எப்போதும் திறந்துதான் கிடக்கிறது.

கே (சிகாகோ): என்னுடையது முன்பக்கமாக நேராகப் பாய்ந்து வரும் ரகம். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். இப்போது பிளேடு பாதியில் நின்று லொடலொடவென்று ஆடுகிறது. போச்சா?

போகவில்லை, ஆனால் எண்ணெயைப் பற்றி அப்புறம் திட்டுகிறேன்.

இந்த ஓ.டி.எஃப் (அவுட் தி ஃபிரண்ட், அதாவது முன்பக்கமாகப் பாயும்) ரகத்தில், பொத்தானை முன்னே தள்ளும்போது உங்கள் கட்டைவிரல்தான் ஸ்பிரிங்கை இழுக்கிறது. ஓரிடத்தில் பின்கொக்கி விலகும், பிளேடு எறியப்படும். அதன் பிறகு பெரும்பாலான தூரம் அதை யாரும் தள்ளுவதில்லை, எறிந்த வேகத்திலேயே போகிறது. கடைசியில் முன்கொக்கி பிடித்துக்கொள்ள வேண்டும். வழியில் அட்டைப்பெட்டி இடித்தாலோ, உள்ளே பிசுக்கு இருந்தாலோ, வேகம் குறைந்து நடுவழியில் நின்றுவிடும். இது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி.

கூர் உங்களைப் பார்க்காமல் பிடியுங்கள். பிளேடின் இரு தட்டைப் பக்கங்களையும் விரல்களால் கிள்ளிப் பிடித்து வெளியே மெல்ல இழுங்கள். 'டக்' என்று கொக்கி விழும். அதன் பிறகு பொத்தானைப் பின்னே இழுத்தால் வழக்கம்போல உள்ளே போகும்.

இப்போது எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். சிகாகோ ஜனவரியில் உங்கள் கத்திக்குள் என்ன நடந்திருக்கும் என்று குளியலறை பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தை வாங்கி, அடுப்பு இல்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து, பிளேடு வெளியே வரும் துவாரம் வழியாகக் கத்திக்குள் சில சொட்டு விட்டு உதறுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடுங்கள். அழுக்கு கறுப்பாக வழிந்து வரும். பிறகு துப்பாக்கிக்குப் போடும் மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும். கூடுதலாகப் போட்டால் பாக்கெட் பஞ்சு எல்லாம் அதில்தான் ஒட்டும்.

கே (அதே நண்பர்): சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் திறந்த பிறகும் பிளேடு கொஞ்சம் ஆடுகிறதே?

ஆடும். ஓடும் பொருளுக்கு இடைவெளி வேண்டும். ஆடவே கூடாது என்பவர்கள் பக்கவாட்டில் திறக்கும் ரகம் வாங்க வேண்டும்.

கே (ஹூஸ்டன்): பாக்கெட்டுக்குள் தானே திறந்துகொள்ளுமா? மனைவிக்குப் பயமாக இருக்கிறது.

அவர் பயம் நியாயம். எனக்கே நடந்தது. முதல் வருடம், புதுக் கத்தி, சின்னப் பாதுகாப்புத் தாழ்ப்பாளும் உண்டு. அதைப் போடாமல் கார் ஓட்டினேன். சீட் பெல்ட்டின் கொளுவி பட்டன் மேல் அழுந்தியிருக்கிறது, சத்தம் பாட்டில் கேட்கவில்லை. வீட்டு வாசலில் சாவி எடுக்கக் கைவிட்டேன். ஆள்காட்டி விரலில் நாலு தையல். "என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்ட டாக்டரிடம் "சாவி எடுத்தேன்" என்றதும் அவர் ஒரு பார்வை பார்த்தார்.

அதற்குப் பிறகு என் பழக்கம் இது: கிளிப்பைப் பாக்கெட்டின் பின் ஓரத்துத் தையலோடு ஒட்டி மாட்டுவேன், பிளேடு திறக்கும் பக்கம் அந்தத் தையலைப் பார்க்கும்படி. பட்டன் அழுந்தினாலும் தையல் தடுத்துவிடும். சாவி, சில்லறை, போன் எல்லாம் மறு பாக்கெட்டில். பட்டன் பிடியின் மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் கத்தியை வாங்குவதே இல்லை. தாழ்ப்பாளை நம்புவதைவிட இது மேல், ஏனென்றால் தாழ்ப்பாள் போட மறந்துவிடும்.

கே (நியூஜெர்சி): ஒரு வீட்டு ஏலத்தில் பழைய இத்தாலிய ஸ்டிலெட்டோ கிடைத்தது. 'மனியாகோ' முத்திரை இல்லை, வெறும் 'இத்தாலி'. பட்டன் இருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

முதலில் துணியைக் கீழே வையுங்கள்! பழசில் மதிப்பே அந்தக் கருத்த சாயலும் ஆலையின் மெருகுக் கோடுகளும்தான். சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்தால் பாதி விலை போச்சு.

வயதைச் சொல்ல ஒரு வழி: திறந்த நிலையில் எப்படி மூடுகிறீர்கள் என்று பாருங்கள். தலைப்பகுதி உலோகத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் பூட்டு விடுகிறதென்றால் அது பின்னாளில் வந்த, இன்றும் செய்யப்படும் முறை. முதுகு ஸ்பிரிங்கின் நுனியில் ஒரு சிறு நாக்கு இருந்து, அதை நகத்தால் தூக்கினால்தான் பூட்டு விடும் என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள். அதைப் பிக்லாக் என்பார்கள், பழைய ரகம். சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான். வெறும் நாட்டின் பெயர் மட்டும் இருப்பது பழைய ஏற்றுமதிச் சரக்கில் சாதாரணம், அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

பிடி எதனால் ஆனது என்றும் பாருங்கள். கொம்பு என்றால் கவலையில்லை. ஆமை ஓடு போலவோ முத்துச்சிப்பி போலவோ மின்னும் செல்லுலாய்டு என்றால் அதை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் மூடி வைக்காதீர்கள். செல்லுலாய்டு வயதானால் சிதைந்து அமிலப் புகை விடும். பக்கத்துக் கத்தியெல்லாம் துருப்பிடிக்கும். என் நண்பர் ஒருவர் இழுப்பறையைத் திறந்தபோது கற்பூரம் கலந்த ஒரு புளித்த வாடை அடித்தது. ஆறு கத்திகளில் செம்புள்ளி, நடுவில் குற்றவாளி பிடி நொறுங்கிக் கிடந்தது. தோல் உறையிலும் நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள். பதனிட்ட தோலின் ரசாயனம் பித்தளையில் பச்சை ஏற்றும்.

உங்கள் மாநிலத்தில் விளக்கிச் சொல்லத்தக்க நியாயமான காரணம் இல்லாமல் ஸ்விட்ச்பிளேடு வைத்திருப்பது குற்றம். உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கே (டல்லாஸ்): வேலை மாறி சான் ஹோசே போகிறேன், காரிலேயே. டேஷ்போர்டில் 3.5 அங்குல பட்டன் கத்தி. பிரச்சினை வருமா?

வரும், அதுவும் கலிஃபோர்னியா வருவதற்கு முன்பே. டெக்சஸில் இன்று பதினெட்டு வயதானவர் 5.5 அங்குலம் வரை பெரும்பாலான இடங்களில் கவலையின்றி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே போனால் பள்ளி, மதுக்கடை, கோவில் போன்ற இடங்களில் தடை. எல்லையைத் தாண்டி நியூ மெக்சிகோவில் கால் வைத்தீர்களோ, ஸ்விட்ச்பிளேடு வைத்திருப்பதே குற்றம். ஐ-40 நெடுஞ்சாலை பழங்குடி நிலங்கள் வழியாகவும் போகிறது, அங்கே 1958 சட்டம் நேரடியாகவே பாயும். அரிசோனாவில் மூச்சு விடலாம். கலிஃபோர்னியாவில் 2 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள பட்டன் கத்தியை உடம்பிலோ காரில் ஆட்கள் உட்காரும் பகுதியிலோ வைத்திருக்கக் கூடாது. அதனால்தான் அந்த மாநிலத்துக்கென்றே 1.9 அங்குலப் பிளேடு போட்டுக் குட்டிக் கத்திகள் விற்கிறார்கள்.

துப்பாக்கியைப் பூட்டி வைத்து மாநிலம் கடக்க 1986 சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. கத்திக்கு அப்படி ஒன்று கிடையாது. எனக்கும் இது விசித்திரமாகத்தான் படுகிறது. டெக்சஸிலேயே நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

காற்று பொதுவாகத் தளர்வுப் பக்கம் வீசுகிறது: பென்சில்வேனியா 2023 ஜனவரியில் தடையை நீக்கியது, மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தன் மாநிலத் தடை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றது. ஆனால் வீசும் காற்றை நம்பிக் காரில் கத்தி வைக்க முடியாது.

கே (லண்டன்): அமெரிக்காவிலிருந்து வரும் அத்தான் ஒன்று பரிசாகக் கொண்டுவரட்டுமா என்கிறார்.

வேண்டவே வேண்டாம். அங்கே விற்பனையும் இறக்குமதியும் பல பத்தாண்டுகளாகத் தடை. 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் அலமாரியில் வைத்திருப்பதுகூடக் குற்றம். பூட்டிக்கொள்ளாத, பிளேடு 3 அங்குலத்துக்கு மேற்படாத சின்ன மடக்குக் கத்தி கேளுங்கள்.

கே (கோயம்புத்தூர்): அண்ணா, நம்ம நாட்டில்? ராம்பூரி வாங்கலாமா?

தம்பி, ராம்பூரைப் பற்றித் தனியாகவே பேசலாம். உத்தரப் பிரதேசத்து நவாபு ஊர், அந்த ஊர் மடக்குக் கத்திதான் ராம்பூரி. திறக்கும்போது பல்சக்கரம் 'கிர்ர்ர்' என்று கத்தும். பம்பாய் சினிமா வில்லன்கள் அந்தச் சத்தத்தாலேயே பாதி பேரைப் பயமுறுத்தினார்கள். சட்டம் என்று பார்த்தால், 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு கொண்ட, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் அல்லாத கத்திகள் ஆயுதம். டெல்லியில் 1980 அறிவிக்கை இன்னும் கறார்: ஸ்பிரிங், பல்சக்கரம், பட்டன் இவற்றால் திறக்கும் கத்தி 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே போதும். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடு. பணமும் போய், சுங்க அலுவலகப் படியும் ஏற வேண்டிவரும்.

கே (டாம்பா): என் மைத்துனருக்கு விபத்தில் ஒரு கை போய்விட்டது. மடக்குக் கத்தியைப் பல்லால் கடித்துத் திறக்கிறார்.

அவருக்காகவே ஒரு வரி இருக்கிறது. 1958 சட்டத்திலேயே, ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலத்துக்கு மேற்படாத பிளேடுள்ள பட்டன் கத்தியைத் தன்னோடு வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் விலக்கு உண்டு. பக்கவாட்டில் திறக்கும் ரகத்தில் மூடுவதற்கு இன்னொரு கை இருந்தால் சௌகரியம். ஒரே கை என்றால் பிளேடின் முதுகைத் தொடையில் அழுத்தி மூட வேண்டும். அதனால் இவருக்கு மட்டும் நான் ஓ.டி.எஃப் ரகத்தைச் சொல்வேன், திறப்பதும் மூடுவதும் ஒரே கட்டைவிரல்தான்.

கே (ஃபீனிக்ஸ்): தற்காப்புக்கு எது நல்லது?

ஓடுவதற்கு நல்ல ஷூ.

கே (சியாட்டில்): நீங்கள் வேலைக்கு எதை எடுத்துப் போகிறீர்கள்?

58 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸ், சிவப்பு, சாவிக்கொத்தில். பார்சல் டேப் பிரிக்கவும் ஆரஞ்சு உரிக்கவும் அது போதும். நாற்பத்து மூன்றும் வீட்டிலேயே இருக்கின்றன; ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளியே எடுத்துத் துடைப்பேன். அடுக்களையிலிருந்து மனைவி, "இத்தனை இருக்கே, சேனைக்கிழங்கு நறுக்க ஒண்ணுக்காவது துப்பு இருக்கா?" என்பார். ஒரு தடவை முயன்றேன். கிழங்குப் பால் பட்டன் இடுக்கில் போய்ப் பிசினாகி, பிரித்துச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆனது. கையும் அரித்தது.