பழைய நற்சான்றுக் கடிதத்தில் கையொப்பமிட்ட கேப்டன் யார்?

கேள்வி: மதராஸைச் சேர்ந்த என் கொள்ளுத்தாத்தா, வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஒருவரிடம் பட்லராக இருந்தவர். 1911இல் அவருக்குக் கிடைத்த நற்சான்றுக் கடிதத்தில் ‘கேப்டன், 62வது பஞ்சாபிஸ்’ என்று இருக்கிறது, கையொப்பம் மங்கிவிட்டது. அந்த அதிகாரியைக் கண்டுபிடிக்க முடியுமா? மதராஸ்காரருக்கும் பஞ்சாபிப் பட்டாளத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: தொடர்பு பழையது. 1759இல் கரையோரச் சிப்பாய்களைக் கொண்டு திரட்டப்பட்ட இப்பட்டாளம், நெடுங்காலம் மதராஸ் படையின் 2வது காலாட்படையாக இருந்தது. 1903இல், அன்றைய இந்தியத் தலைமைத் தளபதி கிச்சனர் பட்டாளங்களுக்கெல்லாம் எண்களை மாற்றியபோது 62வது பஞ்சாபிஸ் ஆயிற்று. 1922இல் மறுபடியும் பெயர் மாறி, 1வது பஞ்சாப் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் ஆனது. ஆகவே பட்டாளத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் பாதியிலேயே தடம் மறைந்துவிடும்.

மாறாமல் நிற்பது அதிகாரியின் முதல் கமிஷன் (அதிகாரியாக நியமிக்கும் ஆணை) தேதி. இந்திய ராணுவத்தில் அக்காலப் பதவி உயர்வு, காலியிடத்தைவிடப் பணிக்காலத்தையே பெரிதும் பொறுத்திருந்தது: 9 ஆண்டுகளில் கேப்டன், 18இல் மேஜர், 26இல் லெப்டினன்ட் கர்னல். இதே பட்டாளத்தில் சேர்ந்து பின்னாளில் தலைமைத் தளபதியான ஆக்கின்லெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1903 ஜனவரி 21இல் கமிஷன் பெற்ற அவர், முதலில் எந்த இந்தியப் பட்டாளத்திலும் சேராதவராகவே இருந்துவிட்டு, 1904இல்தான் 62வதுக்கு வந்தார். 1912 ஜனவரி 21இல், சரியாக ஒன்பதாம் ஆண்டு நிறைவில், கேப்டன் ஆனார். 1929இல் அதே ஜனவரி 21இல் லெப்டினன்ட் கர்னலாகிப் பட்டாலியனின் தலைமையை ஏற்றார். இடையில் மேஜர் பதவி மட்டும் 15 ஆண்டுகளிலேயே, 1918இல், கிடைத்துவிட்டது. போர்க்காலத்தில் கணக்கு இப்படி முன்பின்னாகும் என்பதால், 1914க்குப் பிந்தைய ஆவணங்களில் இந்த வாய்ப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

உங்கள் கடிதம் 1911ஐச் சேர்ந்தது என்பது நல்வாய்ப்பு. அந்த ஆண்டில் கேப்டனாக இருந்தவர் ஏறத்தாழ 1893க்கும் 1902க்கும் இடையே கமிஷன் பெற்றிருக்க வேண்டும் (ஆக்கின்லெக் அப்போது லெப்டினன்ட்தான், அவராக இருக்குமோ என்ற ஆசையை விட்டுவிடுங்கள்). காலாண்டுதோறும் வெளியான ராணுவ அதிகாரிகள் பட்டியலான இந்தியன் ஆர்மி லிஸ்ட்டின் 1911ஆம் ஆண்டுத் தொகுதியில் 62வது பட்டாளத்தின் பக்கத்தைப் பாருங்கள். ஒரு பட்டாளத்தில் வெள்ளை அதிகாரிகள் ஒரு டஜனுக்குச் சற்று மேல்தான் இருப்பார்கள். அவர்களுள் கேப்டன்கள் இன்னும் சிலரே. மங்கிய கையொப்பத்தின் முதலெழுத்து ஒன்று தெரிந்தாலும் போதும், ஆள் பெரும்பாலும் அகப்பட்டுவிடுவார்.

பெயர் கிடைத்ததும், பதவி உயர்வுகளையும் ஓய்வையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் தேதி வாரியாகத் தேடலாம். பணிக்கோப்புக்குப் பலர் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்திலுள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு எழுதி ஏமாறுகிறார்கள். இந்தியாவில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் பட்டாளங்களின் அதிகாரிகளுக்குத்தான் அது சரியான இடம். இந்திய ராணுவ அதிகாரிகளின் கோப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (இந்தியாவை நிர்வகித்த லண்டன் அரசுத் துறை) ஆவணங்களில் உள்ளன.