பழைய வண்டியில் ஏசி காற்று முன் கண்ணாடிக்கே போகிறதா? வேக்குவம் கோளாறுகள்: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வண்டி 2001 ஃபோர்டு எஃப்-150, 4.6 லிட்டர் வி8. சாதாரணமாக ஓட்டும்போது ஏசி காற்று டேஷ்போர்டு வென்ட்டில் நன்றாக வருகிறது. நெடுஞ்சாலை 401-இல் ஏறுவதற்காக ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் காற்று அத்தனையும் முன் கண்ணாடிக்குப் போய்விடுகிறது. காலை எடுத்ததும் திரும்பி வருகிறது. டேஷ்போர்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு டேஷ்போர்டுக்குள் காரணம் இருப்பது அபூர்வம். பானெட்டைத் திறந்தால் போதும்.

உங்கள் வண்டியில் காற்று நெஞ்சுக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று திருப்பிவிடும் கதவுகளை மின்சாரம் அசைப்பதில்லை. இஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வேக்குவம்தான் (உறிஞ்சும் விசை) மெல்லிய குழாய்கள் வழியாக டயாஃப்ரம்கள் என்ற ரப்பர் சவ்வுகளை இழுத்து அவற்றைத் திருப்புகிறது. சூடேறிய நல்ல இஞ்சின் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை வேக்குவம் காட்டும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தைச் சமாளிக்கத்தான் ஒரு பிளாஸ்டிக் சேமிப்புத் தொட்டியும், அதிலிருப்பது இஞ்சினுக்குத் திரும்பிப் போகாமல் தடுக்க ஒரு செக் வால்வும் வைத்திருக்கிறார்கள். வேக்குவம் தீர்ந்துபோனால் ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். இது தெரிந்தே செய்த ஏற்பாடு. குளிர்காலத்தில் எது கெட்டாலும் கண்ணாடியில் பனி படியாமல் இருக்க வேண்டுமே.

ஆக, ஐடிலிங்கில் சரியாக இருந்து மிதிக்கும்போது மட்டும் காற்று இடம் மாறினால், ஒன்று செக் வால்வு பிடிக்கவில்லை, அல்லது சேமித்த வேக்குவம் எங்கோ ஒழுகுகிறது.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, இஞ்சின் ஓடும்போது காற்றை டேஷ்போர்டு வென்ட்டுக்கு வையுங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மறுபடி 'ஆன்' நிலைக்குத் திருப்பி புளோயரை மட்டும் ஓடவிடுங்கள். நல்ல அமைப்பில் சில நிமிடங்களாவது காற்று வென்ட்டிலேயே வரும். சில நொடிகளில் கண்ணாடிக்குத் தாவினால் கசிவு உறுதி.

அடுத்து செக் வால்வு. இஞ்சினிலிருந்து வரும் மெல்லிய குழாயைத் தொடர்ந்து போனால் சிறு பிளாஸ்டிக் வில்லை மாதிரி நடுவில் இருக்கும். கழற்றும் முன் எந்தப் பக்கம் இஞ்சினுக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். தொட்டிப் பக்கம் இருந்த முனையில் ஊதினால் காற்று போக வேண்டும். இஞ்சின் பக்க முனையில் ஊதினால் போகக்கூடாது. இரண்டு பக்கமும் போனால் வால்வு செத்துவிட்டது, மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் போகாவிட்டாலும் அதேதான். தலைகீழாக மாட்டினால் வென்ட் ஒருபோதும் வேலை செய்யாது. புது வால்வு போட்டும் சரியாகவில்லை என்று வரும் வண்டிகளில் இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வால்வு நன்றாக இருந்தால் குழாயைப் பாருங்கள். பேட்டரியை ஒட்டியும் அதன் தட்டுக்கு அடியிலும் போகும் பகுதியை விரலால் வளைத்துப் பாருங்கள். ஆசிட் ஆவியும் இஞ்சின் சூடும் சேர்ந்து அந்தக் கெட்டி பிளாஸ்டிக்கை மொறமொறப்பாக்கிவிடும், தொட்டாலே முறியும். இஞ்சினுக்குப் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குப் பின்னால் உள்ள வளைந்த ரப்பர் குழாயையும் (எல்போ) கிள்ளிப் பாருங்கள். எண்ணெய் ஊறி அது கொழகொழத்திருந்தால், 'செக் இஞ்சின்' விளக்குடன் பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகளும் வந்திருக்கலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது.

முறிந்த இடத்தை நல்ல பகுதி வரை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் ரப்பர் வேக்குவம் ஹோஸால் இணையுங்கள். 5/32 அங்குல உள்விட்டம் பல இடங்களில் பொருந்தும். பழைய துண்டு ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது உத்தமம். எலெக்ட்ரிக்கல் டேப் சுற்றாதீர்கள், சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். மீன் தொட்டிக் குழாயும் வேண்டாம். இஞ்சின் சூட்டில் மிருதுவாகி, உள்ளே வேக்குவம் இழுக்கும்போது சப்பையாகிவிடும்.

இவை எல்லாம் நன்றாக இருந்தால்தான் உள்பக்கம் போக வேண்டும். அதற்குக் கேஜ் வைத்த கையடக்க வேக்குவம் பம்ப் தேவை. உதிரிபாகக் கடைகள் பல இதை இரவலாகவும் தருகின்றன. இஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரான ஃபயர்வாலுக்குள் நுழையும் சப்ளைக் குழாயில் பம்பை மாட்டி 18 அங்குலம் ஏற்றுங்கள். காற்று எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மோட் குமிழை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். நிலை மாற்றும்போது முள் சற்று இறங்குவது இயல்பு, அந்த டயாஃப்ரம் நிரம்புகிறது. மறுபடி 18-க்கு ஏற்றிக் கவனியுங்கள். டிஃப்ராஸ்ட் (கண்ணாடிக்குக் காற்று) நிலையில் முள் நின்று, டேஷ்போர்டு வென்ட் நிலையில் மட்டும் இறங்கினால், அந்தக் கதவின் டயாஃப்ரமோ அதற்குப் போகும் குழாயோதான் குற்றவாளி. எல்லா நிலையிலும் இறங்கினால் குமிழுக்குப் பின்னால் உள்ள செலக்டர் அல்லது அதுவரை வரும் குழாய். டேஷ்போர்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று இந்தச் சோதனைக்குப் பிறகு மெக்கானிக்கிடம் பேசுங்கள்.

கேள்வி: 2000 மெர்க்குரி கிராண்ட் மார்க்கி, ஆட்டோமேட்டிக் ஏசி. காற்று எப்போதும் கண்ணாடிக்குத்தான் போகிறது. ரேடியோவை அணைத்தால் ஏசி பட்டன்களுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்கிறது. (வாசகர், மிசிசாகா)

பதில்: சத்தமே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. உங்கள் ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டியின் பின்புறம் வேக்குவத்தைத் திறந்து மூடும் சிறு சோலினாய்டுகள் (மின்காந்த வால்வுகள்) வரிசையாக இருக்கின்றன. அவற்றின் ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) ஆண்டுக்கணக்கான சூட்டில் இறுகித் தட்டையாகிக் கசியும். இந்தக் குடும்பத்து ஃபோர்டு வண்டிகளில் மிகவும் அறியப்பட்ட கோளாறு இது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சுற்றுப் பட்டையை எடுத்துப் பெட்டியை வெளியே இழுங்கள். பின்னால் உள்ள வேக்குவம் கனெக்டரையும் வயர்களையும் பிரித்து, சோலினாய்டுப் பகுதியின் திருகுகளைக் கழற்றினால் ஓ-ரிங்குகள் தெரியும். ஒன்று மட்டும் கெட்டதாகத் தெரிந்தாலும் அத்தனையையும் மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயது. அதே அளவில் புது ரிங் வாங்கி, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிப் பொருத்துங்கள். பெட்ரோலிய கிரீஸ் சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும். சோலினாய்டுகளின் ஸ்பிரிங்குகள் துள்ளி ஓடும், அதனால் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். சில டாலர் செலவில் முடியும் வேலைக்கு முழுப் பெட்டியையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: 1983 மெர்சிடிஸ் 300டி டர்போடீசல். நடு வென்ட் திறப்பதில்லை. சென்ட்ரல் லாக் இழுக்கவில்லை. சில நாளாகச் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இஞ்சின் கொஞ்ச நேரம் ஓடுகிறது. மூன்று பேரிடம் காட்ட வேண்டுமா? (வாசகர், சான் ஹோசே)

பதில்: ஒருவர் போதும், மூன்றும் ஒரே வியாதி. டீசல் இஞ்சினில் த்ராட்டில் தடுப்பு இல்லாததால் மேனிஃபோல்டில் வேக்குவம் உண்டாகாது. அதற்காக இஞ்சினின் முன்புறம் தனி வேக்குவம் பம்ப் இருக்கிறது. பிரேக் பெடலை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டு, ஏசி வென்ட், இஞ்சினை நிறுத்தும் வால்வு எல்லாம் அதையே நம்பி இருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர் உதைத்துக்கொண்டு மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள், அதுவும் இதே கணக்கு.

முதலில் பிரேக். இஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை நன்றாக மிதியுங்கள். லேசாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

பிரேக் நன்றாக இருந்தால், பூஸ்டருக்குப் போகும் பெரிய குழாயிலிருந்து பிரியும் மெல்லிய கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த முனையை அடைத்துப் பாருங்கள். கோல்ஃப் பந்தைத் தாங்கும் சிறு ஆணியான 'கோல்ஃப் டீ' கச்சிதமாகப் பொருந்தும். பழைய மெர்சிடிஸ் ஓட்டுகிறவர்கள் அதை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். எந்தக் கிளையை அடைத்ததும் மற்றவை உயிர் பெறுகின்றனவோ அங்கேதான் ஓட்டை. பூட்டுக் கிளை என்றால், கதவுகளிலும் டிக்கியிலும் டீசல் டேங்க் மூடியிடத்திலும் உள்ள டயாஃப்ரம்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். வென்ட் கிளை என்றால் வேலை டேஷ்போர்டுக்குள் போகும். அதைச் செய்யும் வரை அந்தக் கிளையை மட்டும் அடைத்துவிட்டால் மற்றவற்றுக்குத் தொல்லை இல்லை.

சாவிப் பூட்டிலிருந்து இஞ்சினுக்குப் போகும் பழுப்புக் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். எண்ணெய் ஈரம் இருந்தால் டீசலை இஞ்சினுக்குள் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள நிறுத்தும் வால்வின் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. அதை உடனே மாற்றுங்கள். வேக்குவம் இஞ்சின் எண்ணெயைக் குழாய்களுக்குள் இழுத்து, சாவிப் பூட்டின் வால்வையும் மற்ற டயாஃப்ரம்களையும் நாசமாக்கிவிடும். அதுவரை இஞ்சின் நிற்காவிட்டால், பானெட்டுக்குள் 'ஸ்டாப்' என்று எழுதிய லீவரைக் கையால் அழுத்துங்கள்.

கேள்வி: காற்று சரியான வென்ட்டில் வருகிறது, ஆனால் சூடு, குளிர் மாறவில்லை. எஃப்-150, 1999. இதுவும் வேக்குவமா? (வாசகி, பிராம்ப்டன்)

பதில்: இல்லை. உங்கள் வண்டியில் சூட்டைக் கலக்கும் கதவை ஒரு சிறு மின் மோட்டார் திருப்புகிறது. குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று கேட்டால் மோட்டாரின் பல்லோ கதவின் தண்டோ உடைந்திருக்கும். சத்தமே இல்லாமல் குளிர்காற்றாகவே வந்தால் முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள், பிறகு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றொன்று வெதுவெதுப்பாக இருந்தால் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் அடைத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: வேக்குவத்தைச் சரிசெய்ய நேரமில்லை. கண்ணாடிப் பக்க வழியை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிட்டால் காற்று முகத்துக்கு வந்துவிடாதா? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: வராது. முகத்துப் பக்கக் கதவைத் திறப்பதும் அதே வேக்குவம்தான். பனி விழும் ஊரில் கண்ணாடிக்குப் போகும் சூட்டையும் சேர்த்து அடைத்தவராவீர்கள்.