தராசு யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

*அண்ணா, பீர்மேடு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் டிவிஷனில் நான்தான் முதல் பெண். ஆண் சூப்பர்வைசர்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. பெண் அதிகாரிகள் அதிகமானால் தோட்டத் தொழில் மாறுமா? பெண் தலைமை பற்றி நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.*
*— ஒரு வாசகி, குமுளி*

அன்புள்ள தங்கைக்கு,

வேலை கிடைத்ததில் மனசு நிறைந்த சந்தோஷம். புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். சூப்பர்வைசர்கள் கேட்காவிட்டால் உத்தரவை எழுத்தில் கொடுங்கள், தானாக வழிக்கு வருவார்கள்.

ஆனால் 'முதல் பெண்' என்று எப்படியம்மா எழுத மனசு வந்தது? விடிந்ததிலிருந்து அட்டைக்கடியில் நின்று கொழுந்து கிள்ளுகிறவர்கள் யார்? உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

சில நாளாக 2015 செப்டம்பர்தான் மனசில் ஓடுகிறது. மூணாறில் முந்தின வருஷம் 19 சதவீதம் இருந்த போனஸைக் கம்பெனி 10 ஆக்கியது. தினக்கூலி 232 ரூபாய், அதற்கு 21 கிலோ கிள்ள வேண்டும். நம் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று திரண்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். மாதாமாதம் தங்களிடம் சந்தா வாங்கிய தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் வாங்கினார்கள். அப்புறம் 500 ரூபாய் கூலிக்குப் பேச்சு வந்தபோது, மேசையில் மறுபடியும் பழைய சங்கங்களே உட்கார்ந்தன. 301-ல் முடித்தார்கள்.

இந்தத் தொழிலில் பெண்களுக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது? தராசும் பேனாவும்தான் அவர்கள் கைக்கு வரவில்லை.

என் அம்மா தேவிகுளம் பக்கம் கொழுந்து கிள்ளியவள். மழைநாளில் நனைந்த சாக்கைக் கொக்கியில் மாட்டுவாள். தராசின் முகம் கணக்குப்பிள்ளை பக்கம் இருக்கும். அவர் ஒரு எண்ணைச் சொல்வார், ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார், எழுதிக்கொள்வார். எத்தனை கிலோ சுமந்து வந்தோம் என்று அம்மாவின் தோளுக்குத் தெரியும். அவளுக்கு எழுத்தும் தெரியும், கணக்கும் தெரியும். ஆனால் தராசு முள்ளை எட்டிப் பார்த்தால் திமிர் என்பார்கள். ஒருநாள் எட்டிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து கொழுந்தே இல்லாத மேட்டில் அவளுக்கு நிரை, அதாவது கிள்ள வேண்டிய செடி வரிசை, கொடுத்தார்கள். கொடுத்த கங்காணியும் ஆண், அவன்மேல் புகார் சொல்லப் போன சங்க ஆபீசில் இருந்தவரும் ஆண். "அனுசரித்துப் போம்மா" என்று அனுப்பிவிட்டார்.

அந்த நாற்காலிகளில் ஒன்றில் இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் கோபப்படுகிறேன். நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பெண்கள் யாரிடம் போவார்கள்?

நாளைக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போங்கள். சாக்கு மாட்டுகிறவளுக்கு எடை தெரிகிற மாதிரி தராசைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று சீட்டு எழுதி அவள் கையில் கொடுங்கள். மேலிடத்திலிருந்து சத்தம் வரும், கண்டிப்பாக வரும். வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்