க்ரீம் போட்டால் போகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது: சேற்றுப்புண், படர்தாமரைக்கு என்னதான் வழி?

உங்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், இப்போது தொடை இடுக்கிலும் படர்தாமரை. மெடிக்கலில் வாங்கிய க்ரீமைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது, விட்டதும் முன்பைவிட மோசமாக வருகிறது, என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தோலில் பூஞ்சை தொற்றுவதால் வருபவை. நான் மருந்துக் கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இதே கதையோடு காலி ட்யூபைக் கையில் பிடித்தபடி "இதே ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வராத நாளே இல்லை, அதனால் இதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ட்யூபை எடுத்து, பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உங்கள் உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையைத்தான் நிறுத்துகிறது, பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை. எதிர்ப்பு இல்லாத தோலில் அது நிம்மதியாகப் பரவும், க்ரீமை நிறுத்தியதும் அத்தனையும் சேர்ந்து வெளியே தெரியும். பூஞ்சை மருந்தும் அதிலேயே கலந்திருக்கிறதே என்று கேட்பார்கள். கலந்திருந்தாலும் ஸ்டீராய்டு செய்யும் கெடுதலை அது ஈடுகட்டாது. தொடை இடுக்குத் தோல் மெல்லியது, மருந்தை நிறைய உறிஞ்சும், மாதக்கணக்கில் போட்டால் அங்கே பிரசவத் தழும்பு மாதிரி கோடுகள் விழும், அவை முழுசாக மறையவே மறையாது. வட்டமாக, ஓரம் தடித்துத் தெரிய வேண்டிய படர்தாமரை உருமாறிப் போவதால் மருத்துவருக்கும் குழப்பம். ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே ஷெட்யூல் எச் பட்டியலை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, எதைப் போடுவது? சேற்றுப்புண் மட்டும் என்றால், வேறெதுவும் கலக்காத க்ளோட்ரிமசோல் க்ரீம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நான்கு வாரம் வரை. காலைக் கழுவி, விரல் இடுக்கை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அப்புறம் போடுங்கள். ஈரத்தின் மேல் மருந்தைப் பூசிப் பயனில்லை. படர்தாமரைக்குப் போடும்போது வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் சேர்த்துத் தடவ வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை அந்த ஓரத்தைத் தாண்டியும் இருக்கும். அரிப்பு நின்றதும் விட்டுவிடாமல், தோல் முழுதும் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள்.

உங்களுக்கு இரண்டு இடத்திலும் இருப்பதாலும், ஏற்கெனவே ஸ்டீராய்டு போட்டிருந்தாலும், தோல் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. நம் நாட்டில் இப்போது பரவலாக இருக்கும் பூஞ்சை பழைய ரகம் இல்லை. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-ல் அதற்குத் தனிப்பெயரே வைத்தார்கள். பல நேரம் டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மாத்திரைக்கு அது அடங்குவதில்லை, 2023-ல் நியூயார்க்கிலும் கண்டுபிடித்துப் பதிவு செய்தார்கள். மருத்துவர் தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், தேவைப்பட்டால் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை எழுதுவார். அந்த கேப்ஸ்யூலைச் சாப்பாடு முடிந்தவுடன் போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக ஏறாது, கேஸ் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். இதய நோயோ கல்லீரல் கோளாறோ இருந்தால், கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கு இணையாக முக்கியமானது துணி. துண்டு, உள்ளாடை, சாக்ஸ் உங்களுடையது உங்களுக்கு மட்டும். துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போடுங்கள். கால் பூஞ்சை தொடைக்குப் போகும் வழி பெரும்பாலும் உள்ளாடைதான், காலை நுழைக்கும்போது தொட்டு மேலே வந்துவிடும், அதனால் முதலில் சாக்ஸைப் போட்டுவிட்டு ஜட்டியைப் போடுங்கள். இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் குணமாகும்வரை கழற்றி வையுங்கள், அந்த ஈரக் கயிற்றில் பூஞ்சை தங்கும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மாறி மாறி ஒட்டிக்கொண்டே இருக்கும். பூண்டை அரைத்துத் தடவுவது, சுண்ணாம்பு வைப்பதெல்லாம் வேண்டாம், தோல் வெந்து புண்ணாகும்.

கால் நகமும் மஞ்சளாகித் தடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், க்ரீம் அதற்குள் போகாது, நகத்தை விட்டுவிட்டால் சேற்றுப்புண் அங்கிருந்தே திரும்ப வரும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கால்விரல் இடுக்கில் விழும் வெடிப்பு வழியாகப் பாக்டீரியா உள்ளே போக வாய்ப்பு அதிகம். கால் வீங்கி, சூடாகி, சிவப்பு மேலே ஏறினால் க்ரீமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.