நாள் வாடகை: வரிக் கடிதம் வந்த பின்

கேள்வி: பினாங்கு, தஞ்சோங் தோக்கோங்கில் உள்ள என் கொண்டோ வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறேன். விரிப்பு துவைப்பது, வீடு கூட்டுவது, சாவி கொடுப்பது எல்லாம் நான்தான். வியாபாரம் இல்லாதவர்களுக்கான பிஇ வரிப் பாரத்தில் வாடகையாகக் காட்டினேன். பக்கத்து வீட்டார் வயிற்றெரிச்சலில் புகார் செய்ததால் வருமான வரி வாரியம் கணக்குக் கேட்கிறது. இது நியாயமா?

பதில்: அம்மா, புகார் செய்தது யார் என்பதை விட்டுவிடுங்கள். வரிக் கோப்பில் அதற்கு இடமில்லை. வாரியம் பார்ப்பது ஒன்றே: வீட்டை மட்டும் கொடுத்தீர்களா, சேவையும் சேர்த்தா? காவலாளியும் லிஃப்ட்டும் கட்டட நிர்வாகம் தருபவை. அவை உங்கள் சேவை ஆகாது. விரிப்பும் துப்புரவும் ஆகும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இது வருமான வரிச் சட்டத்தின் 4(டி) பிரிவில் வரும் வாடகை அல்ல, 4(ஏ) பிரிவில் வரும் வியாபாரம் என்று வாரியம் சொன்னால் மறுப்பது கடினம். வியாபாரத்துக்கு பி பாரம்.

வியாபாரம் என்பதால் பயப்பட வேண்டாம். வாடகையில் கழிக்க முடியாத கட்டில், சோபாவுக்கு இதில் மூலதனச் சலுகை உண்டு, அதாவது விலையைப் பல ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கழிக்கலாம்: ஆண்டுதோறும் 10 விழுக்காடு, முதல் ஆண்டு மட்டும் அதோடு இன்னொரு 20. ஆபத்து, பிஇ பாரத்தில் வாடகை என்று எழுதிவிட்டு, அதே கட்டிலின் முழு விலையையும் செலவாகக் கழிப்பதில்தான்.

அடுத்த குழி, கணக்கில் விழும் தொகை. விருந்தினர் 200 ரிங்கிட் கட்டுகிறார். முன்பதிவு செய்யும் இணையத்தளம் தன் கட்டணமாக 30 பிடித்து 170 அனுப்புகிறது. சிலர் 170-ஐ வருமானமாக எழுதிவிட்டு, தளத்தின் ஆண்டு அறிக்கையைப் பார்த்து 30-ஐ மீண்டும் செலவாகக் கழிக்கிறார்கள். வருமானம் 200, செலவு 30. அவ்வளவுதான். வீட்டுக் கடனுக்கான வங்கித் தவணையையும் முழுசாகக் கழிக்காதீர்கள், வட்டி மட்டுமே செலவு. தைப்பூசத்துக்கு உறவினர் இலவசமாகத் தங்கிய நாள்களின் பங்கைச் செலவிலிருந்து எடுத்துவிடுங்கள். துவைக்க வெளியே கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பாரத்தில் தவறான கணக்குக் காட்டியதற்கான அபராதம், குறைத்துக் கட்டிய வரிக்குச் சமமான தொகை வரை போகலாம். அதனால் வாதாடாதீர்கள். கடிதத்தில் குறித்த நாளுக்குள் திருத்திய கணக்கை நீங்களே கொடுத்து, அபராதத்தைக் குறைக்கச் சொல்லியும் தவணையில் கட்ட அனுமதி கேட்டும் எழுதிச் சமரசமாக முடியுங்கள். கட்ட வேண்டிய வரியைச் சொல்லும் மதிப்பீட்டு அறிவிப்பு வாரியத்திடமிருந்து வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள் உண்டு. ஆனால் மேல்முறையீடு செய்தாலும் வரியைக் கட்டியாக வேண்டும்.

பக்கத்து வீட்டாரின் புகார் பலிக்கும் இடம் வேறு. குறுகிய கால வாடகையைக் கட்டட நிர்வாகம் தன் துணைவிதியால், அதாவது கட்டடத்துக்கென்று வகுத்த விதியால், தடுக்கலாம் என்று மோன் கியாரா வழக்கில் 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் கட்டடத்தின் துணைவிதியை இந்த வாரமே வாங்கிப் படியுங்கள்.