நெகட்டிவின் ஓரத்தில்

அன்புள்ள ஐயா,

டிகிரி முடித்துவிட்டேன். ஒளிப்பதிவு படிக்க ஆசை. பன்னிரண்டு பேரை மட்டுமே சேர்க்கும் ஒரு சிறிய பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் பருவம் முழுக்கக் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் இருட்டறையும்தானாம். இன்று யார் ஃபிலிமில் எடுக்கிறார்கள்? பள்ளியில் படித்து யார் பெரிய ஆளானார்கள்? கட்டணப் பணத்தில் கேமரா வாங்கி யூடியூபில் கற்றுக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். எந்த கேமரா வாங்கலாம்?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

கேமராவை இப்போது வாங்க வேண்டாம். யார் பெரிய ஆளானார்கள் என்றால், பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர், பி.சி. ஸ்ரீராம் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர். நண்பர்களுக்கு இது போதும்.

‘இன்று யார் ஃபிலிமில் எடுக்கிறார்கள்’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பழைமையின் மீதுள்ள மோகத்தால் யாரும் அதைக் கற்றுத் தருவதில்லை. ஒளி பட்ட இடம் கறுப்பாகப் பதியும் ஃபிலிம்தான் நெகட்டிவ். தவறு எங்கே நடந்தது என்பதை அது பிரித்துக் காட்டும். சில நாட்களாக நானும் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

படம் வெளிறிப்போன ஒரு நெகட்டிவை ஒளிமேசையில் வையுங்கள். முதலில் ஃபிலிமின் ஓரத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எண்கள் நல்ல கறுப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் எக்ஸ்போஷர், அதாவது படமெடுக்கும்போது ஃபிலிமில் விழுந்த ஒளி, குறைவு. எண்களும் மங்கியிருந்தால், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் ரசாயனத்தில் டெவலப் செய்தது போதவில்லை. எண்கள் இருக்கின்றன, படமே இல்லை என்றால் பெரும்பாலும் ஃபிலிம் கேமராவுக்குள் நகரவே இல்லை. எண்களும் இல்லாமல் ஃபிலிம் கண்ணாடிபோல் இருந்தால் டெவலப்பருக்கு முன்னால், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரை ஊற்றிவிட்டீர்கள், அல்லது டெவலப்பர் செத்துப்போயிருந்தது. கணினித் திரையில் ஸ்லைடரை இழுத்துச் சரிசெய்பவனுக்கு இந்தக் காரணங்கள் தெரியவே வராது. படம் தேறிவிடும், அடுத்த படத்திலும் அதே தவறைச் செய்வான்.

அடுத்தது வெப்பம். இல்ஃபோர்ட் ஹெச்.பி.5 பிளஸ் ஃபிலிமை ஐ.எஸ்.ஓ. 400 வேகத்தில் (ஒளியை உணரும் திறனின் அளவு) எடுத்து, ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து ஊற்றினால் 20 டிகிரி செல்சியஸில் டெவலப் செய்ய 13 நிமிடம். நம் ஊர் மே மாதக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூட்டில் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும்; அதற்கேற்ப நேரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் சீராகப் பரவாமல் வானம் திட்டுத் திட்டாக வரும். பனிக்கட்டி போட்ட தொட்டியில் பாட்டில்களை நிறுத்திக் குளிரவைக்க வேண்டும். டெவலப்பரை மட்டுமல்ல, ஃபிக்ஸரையும் கழுவும் தண்ணீரையும்தான். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வெப்பம் சட்டென்று மாறினால் ஃபிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் சுருங்கிப் படம் முழுக்க நுண்ணிய வெடிப்பு விழும்.

டெவலப் செய்யும்போது, ஃபிலிம் உள்ள மூடிய டேங்க்கை ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து நொடியில் நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து எடுங்கள், பிறகு மேசையில் ஒரு தட்டு. தட்டாவிட்டால் ஃபிலிமில் ஒட்டிய காற்றுக்குமிழ்கள் பிரிண்டில், அதாவது தாளில் எடுத்த படத்தில், கறுப்புப் பொட்டுகளாக வரும். ஃபிக்ஸரில் ஒரு துண்டு ஃபிலிமைப் போட்டு அது தெளிய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். அதன் இரு மடங்குதான் ஃபிக்ஸ் செய்யும் நேரம். புது ஃபிக்ஸருக்கு ஆன நேரத்தைப்போல் இரண்டு பங்கு ஆனால் ஃபிக்ஸரை மாற்றிவிடுங்கள்.

யூடியூப் இவற்றையெல்லாம் சொல்லும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் நெகட்டிவை வாங்கி ஓர எண்களைப் பார்க்காது. பன்னிரண்டு பேர் என்றால் ஆசிரியர் ஒவ்வொருவர் சுருளையும் பார்க்க முடியும், மற்ற பதினொரு பேரின் தவறும் உங்களுக்குப் பாடமாகும். அறுபது பேர் வகுப்பில் இது நடக்காது.

பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய் இருட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். தெர்மாமீட்டர் இருக்கிறதா, ஃபிக்ஸர் பாட்டிலில் கலந்த தேதி ஒட்டியிருக்கிறதா, ஒரு மாணவருக்கு எத்தனை சுருள் தருகிறார்கள், ஆசிரியர் நெகட்டிவைப் பார்ப்பாரா, பிரிண்டை மட்டும் பார்ப்பாரா என்று கேளுங்கள். பிரிண்டை மட்டும் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு பள்ளி பார்ப்போம்.