பெயர் வெளியிட விரும்பாத அறிவாளி

கேள்வி: படித்தவர்கள், நாலும் தெரிந்த அறிவாளிகள்கூட எப்படி சிகரெட்டில் போய் விழுகிறார்கள்? ஒரு காலத்தில் நாகரிகம் என்று எண்ணப்பட்ட பழக்கத்தை இப்போது எல்லோரும் முகம் சுளித்துப் பார்ப்பது ஏன்? (எனக்கும் உண்டு. வயது 50ஐத் தொடப்போகிறது. வீட்டில் உங்கள் இதழைப் படிக்கிறார்கள், பெயர் வேண்டாம்.)

பதில்: இரண்டாவது கேள்விக்கான பதிலை நீங்களே அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டீர்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு இதே கடிதத்தை எழுதியிருந்தால், பெயரோடு, விரலிடுக்கில் சிகரெட் வைத்துக்கொண்டு எடுத்த படத்தையும் இணைத்திருப்பீர்கள்.

பெயரை மறைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604இல் புகையிலையைத் திட்டி ஒரு சிறு நூல் எழுதினார். கண்ணுக்கு அருவருப்பு, மூக்குக்கு வெறுப்பு, மூளைக்குக் கேடு, நுரையீரலுக்கு ஆபத்து என்று வரிசையாகச் சாடிய அவரும் முதலில் பெயர் போடாமல்தான் வெளியிட்டார். நாடு அதைப் படித்துத் திருந்தவில்லை. வரியைப் பல மடங்கு ஏற்றிப் பார்த்தார், அதற்கும் மசியவில்லை. கடைசியில் அந்த வியாபாரத்தையே அரசின் தனியுரிமையாக்கிக்கொண்டார். எழுத்தால் உலகத்தைப் புரட்டிப்போடப் போவதாக எனக்கு மாதாமாதம் கடிதம் எழுதும் இளைஞர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளட்டும். கையில் கஜானாவும் சிறைச்சாலையும் இருந்த எழுத்தாளருக்கே இந்தக் கதி.

இனி உங்கள் அறிவாளிக்கு வருவோம். ‘அறிவாளிகள்கூட’ என்கிறீர்கள். ‘அறிவாளிகள்தான்’ என்று எழுதியிருக்க வேண்டும். என் மேசையின் கீழ் இழுப்பறையில் பழைய புகைப்படங்கள் ஒரு கட்டு கிடக்கின்றன. கதையோடு படமும் அனுப்புங்கள் என்று கேட்ட காலத்தில் வந்தவை. இரண்டே வகை. ஒரு சாரார் தாடையைக் கையில் தாங்கியிருப்பார்கள். சிந்தனையா பல்வலியா என்று பிரித்தறிய முடியாது. மறு சாரார் சிகரெட்டோடு இருப்பார்கள். புகை முகத்தை மறைத்துவிடும், ஆகவே படத்தைத் திருப்பிப் பின்பக்கத்துப் பெயரைப் பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுப்போம். ஒருவரது படத்தில் மட்டும் உதட்டில் இருந்த சிகரெட் பற்றவைக்கப்படவே இல்லை. நேரில் வந்தபோது கேட்டேன். ஸ்டூடியோக்காரர் உள்ளே தீக்குச்சி உரசக் கூடாது என்றுவிட்டாராம். “தவிர, எனக்குப் பழக்கம் கிடையாது. நாவலாசிரியன் மாதிரித் தெரிய வேண்டாமா?” என்றார். அவருடைய நாவலை நான் திருப்பி அனுப்பியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொருவர் விமர்சகர். நவீனக் கவிதை பற்றி நான் எழுதிய ஒரு குறிப்புக்கு, ‘புகையே பிடிக்காதவருக்கு என்ன கவிதை புரியும்?’ என்று வேறோர் இதழில் பதில் எழுதினார். எனக்கு இன்றுவரை கவிதை புரியவில்லை. அவரால் இன்று எங்கள் மாடிப்படி ஏற முடியவில்லை. சண்டையைக் கீழ்த்தளத்தில் தொடர்கிறோம்.

உங்கள் முதல் கேள்விக்கு அந்தப் பற்றவைக்காத சிகரெட்டே போதும். முதல் சிகரெட்டைப் பிடித்ததும் பிடித்துப்போனவர்கள் அபூர்வம். இருமல், குமட்டல், தலைச்சுற்றல் என்று உடம்பு தன்னால் ஆன எல்லா வகையிலும் மறுக்கிறது. அதை மீறி இரண்டாவதைப் பற்றவைக்கிற 16 வயதுப் பையன் புகைக்காக அல்ல, பக்கத்தில் நிற்கிறவன் பார்ப்பதற்காகப் பற்றவைக்கிறான். பிறகுதான் நிகோட்டின் பொறுப்பேற்றுக்கொள்கிறது. இழுத்தால் பத்திருபது வினாடிகளில் மூளைக்குப் போய்விடும் சரக்கு அது. யாருக்காகத் தொடங்கினோமோ அந்த நண்பன் ஊரைவிட்டே போயிருப்பான். இவர் தனியாக மொட்டைமாடியில் நின்று இழுத்துக்கொண்டிருப்பார்.

இந்தப் ‘பார்க்கிற கண்’ணைக் காசாக்கியவர் அமெரிக்க விளம்பர வித்தகர் எட்வர்ட் பெர்னேஸ். உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்ட் இவருக்குத் தாய்மாமன். அப்பாவின் தங்கையைத்தான் ஃபிராய்ட் மணந்திருந்தார் என்பதால் அத்தை கணவரும்கூட. இரட்டைச் சம்பந்தம். பெண்கள் தெருவில் புகைப்பதை அமெரிக்கச் சமூகம் கேவலமாக நினைத்த காலத்தில், அந்தப் பாதிச் சந்தையையும் பிடித்துத் தரச் சொல்லி அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் இவரை அமர்த்தியது. 1929 ஈஸ்டர் ஞாயிறன்று, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் நல்ல உடையணிந்த இளம்பெண்கள் சிகரெட் பிடித்தபடி நடந்தார்கள். கையில் இருந்தது சிகரெட் அல்ல, ‘விடுதலையின் தீப்பந்தம்’ என்று சொல்லப்பட்டது. பத்திரிகைகள் விழுந்தடித்துக்கொண்டு படம் போட்டன. இத்தனையும் செய்த மனிதர் வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? மனைவியின் சிகரெட்டுகளைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றாக ஒடித்துக் கழிவறையில் போட்டார். மகளே பின்னாளில் சொன்னது.

மாமா ஃபிராய்ட் மட்டும் என்ன? மனித ஆசையின் அடிவாரம்வரை துருவியவர். 1923இல் வாயில் புற்று கண்டது. 30க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். சுருட்டு கையைவிட்டுப் போகவில்லை. அறிவு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். அவரிடம் இல்லாத அறிவா?

மருத்துவர்களும் விதிவிலக்கல்ல. 1946இல் தொடங்கிய ஒரு சிகரெட் விளம்பரம், மருத்துவர்கள் அதிகம் பிடிப்பது எங்கள் சிகரெட்தான் என்று பெருமையடித்தது. 1950இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் கணக்கெடுத்து, நுரையீரல் புற்றுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள உறவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் டாலின் சந்தேகம் சாலைக்குப் போடும் தார்மேல்தான் இருந்தது. தாள்களில் விடை எழும்பி வந்ததும், தானே புகைத்துக்கொண்டிருந்த டால் நிறுத்திவிட்டார். அறிவு வேலை செய்த அபூர்வமான உதாரணம் வேண்டுமென்றால் இவரை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனங்கள் சும்மா இருக்குமா? 1954 ஜனவரியில் 400க்கும் மேற்பட்ட அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை: எதுவும் நிரூபணமாகவில்லை, நாங்களே ஆராய்கிறோம் என்று. ‘சந்தேகமே நமது சரக்கு’ என்று 1969இல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு வெளிப்படையாகவே சொன்னது. அந்த முழுப்பக்கங்களுக்குக் காசு வாங்கியவர்கள் என் தொழிலைச் சேர்ந்தவர்கள். ஆசிரியர் பக்கத்தில் ஒழுக்கம், அடுத்த பக்கத்தில் விளம்பரம். இதைப் பற்றி மேலும் எழுதினால் எங்கள் விளம்பரப் பிரிவு மேலாளர் என் அறைக்கு வருவார்.

முகச்சுளிப்புக்குக் காரணம் டாலின் ஆராய்ச்சி மட்டுமே என்று நினைத்தால் தவறு. ‘என் நுரையீரல், என் இஷ்டம்’ என்ற வாதம் அதற்குப் பிறகும் கம்பீரமாக உலவிக்கொண்டுதான் இருந்தது. ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகைப்பவர்களின் மனைவிமார் தாங்கள் புகைக்காமலேயே நுரையீரல் புற்றுக்கு அதிகம் ஆளாகிறார்கள் என்று 1981இல் காட்டியதும் வாதத்தின் காற்று இறங்கியது. பக்கத்து மேசைக்காரருக்கு வாய் திறக்க உரிமை வந்துவிட்டது. 2004இல் அயர்லாந்து மதுக்கடை உள்பட எல்லாப் பணியிடங்களிலும் தடை போட்டது. மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. வரவேற்பறையில் கால்மேல் கால் போட்டுப் புகைத்தவர் வாசலுக்கு வெளியே, மழையில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டு யாராலும் அறிவாளியாகத் தெரிய முடியாது.

சட்டம் எழுதுகிறவர்களிலும் மனிதனைப் புரிந்தவர்கள் உண்டு. விமானத்தில் புகைக்கக் கூடாது, ஆனால் கழிவறைக் கதவருகே சாம்பல் கிண்ணம் இருந்தே ஆகவேண்டும் என்பது அமெரிக்க விதி. எத்தனை எச்சரித்தாலும் ஒருவன் பற்றவைப்பான். பற்றவைத்தவன் துண்டைக் காகிதக் கூடையில் போட்டுவிடக் கூடாதே என்ற பயம். 1973இல் பாரிஸ் அருகே பிரேசில் விமானம் ஒன்றில் கழிவறைக் குப்பைக் கூடையில் பற்றிய நெருப்பு 123 பேரைக் கொன்றது. முன்னெச்சரிக்கையாகச் சட்டமே குற்றவாளிக்குக் கிண்ணம் வைத்திருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த டால் குழுவின் கணக்கு 2004இல் வந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். 30 வயதில் நிறுத்தியவர்களுக்கு ஏறக்குறைய அந்தப் பத்தும் மிச்சம். 40இல் ஒன்பது, 50இல் ஆறு, 60இல் மூன்று. உங்கள் வயதுக்கு ஆறு. அது இந்த இதழுக்கு ஆறு ஆண்டுச் சந்தா. 60வரை தள்ளிப்போட்டீர்களானால் அதில் சரிபாதி எனக்கு நட்டம்.